அக்காவுக்குக் கொஞ்சம் நொச்சி

காலையில் எங்கள் பஸ் குமுளி மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தபோது எதிரே ஜீப்புகள் ஏறிக்கொண்டிருந்தன. ஜீப் நிறையப் பெண்கள். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி. ஒரு வளைவில் எங்கள் பஸ்ஸும் ஒரு ஜீப்பும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன. கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்த ஒரு பெண், "எங்கிட்டுத்தா? ஊரே ஏறுது, நீ மட்டும் இறங்குற?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் பதில் சொல்வதற்குள் ஜீப் உறுமிக்கொண்டு மேலே போய்விட்டது.

என் அம்மாவும் இப்படி ஒரு காலையில் ஏறிப்போனவள்தான். ஏறியவள் இறங்கவில்லை. வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் தங்கிவிட்டாள். அக்கா ஈஸ்வரியும் நானும் அங்கேதான் பிறந்தோம். எனக்கு ஊர் என்றால் மழையும் மூடுபனியும் கால் வழுக்கும் செம்மண்ணும்தான். அம்மாவின் ஊர் எனக்கு வெளியூர். அவள் இறந்த பிறகு நான் அங்கே போகவே இல்லை.

இப்போது போனது நொச்சி இலைக்காக.

அக்கா ஒரு மலையாளக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு இலைகளைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை இளஞ்சூட்டில் உடம்பில் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள். அதற்கு வேது என்று பெயர். மலைக்கு மேலேயும் கீழேயும் அதே பெயர்தான். அக்காவின் மாமியார் ஏலியாம்மா பலா இலை, புளிய இலை, ஆடாதொடை எல்லாம் பறித்துத் தயாராக வைத்திருந்தார். அக்கா ஒப்பவில்லை. "அம்மா நொச்சி போட்டுத்தான் ஊத்துவா. நொச்சி இல்லாத தண்ணி எம்மேல படக்கூடாது" என்றாள். ஏலியாம்மா யார் வீட்டிலோ சொல்லிக் கருநொச்சி வரவழைத்துக் கொடுத்தார். அக்கா முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். அம்மா போட்டது கீழே அவள் ஊரில் மாமா வீட்டு வேலியில் நின்ற நொச்சியாம். அது வேண்டுமாம்.

லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் வேது ஊற்றுவது அம்மாதான். கீழேயிருந்து யாராவது வேலைக்கு வரும்போது மாமா வீட்டு நொச்சி ஒரு கட்டு வந்துசேரும். அது எனக்கும் நினைவிருந்தது.

"என் மூன்று பிள்ளைகளுக்கும் இதே இலைதான். நான் நடமாடவில்லையா?" என்று ஏலியாம்மா மலையாளத்தில் என்னிடம் கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. "நாளை மறுநாள் காலையில் தண்ணீர் கொதிக்கும். உன் இலை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி." அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எனக்குப் பயம் அதில்தான். அம்மா போன பிறகு அக்கா கோபித்துக்கொண்டு போக ஒரு வீடு இல்லை. நான் ஹாஸ்டலில் இருக்கிறேன். அவள் வாழ வேண்டியது இந்த ஒரு வீட்டில்தான். பிள்ளை பிறந்த கையோடு அங்கே மனசு கெட்டால் அப்புறம் ஒட்டாது.

அதனால் அன்று காலையே கிளம்பினேன்.

எங்கள் குடும்பத்தில் பஸ்ஸின் போர்டைப் படித்து ஏறுகிற முதல் ஆள் நான். அம்மா கடைசிவரை "இந்த வண்டி எங்கன போகுது?" என்று நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். சின்ன வயதில் அது எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் 'குச்சனூர்' என்று எழுதியிருந்த பஸ்ஸில் யாரையும் கேட்காமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மாமாவின் ஊர் குச்சனூரைத் தாண்டினால் நடந்துபோகும் தூரம்.

பக்கத்தில் ஒரு பெரியவர். தலைத்துண்டின் அடியில் ஆவாரை இலை எட்டிப் பார்த்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊரு ஏ.சி. ஆத்தா. கரண்டு போனாலும் ஓடும்" என்றார். எங்கள் மலையில் வெயிலுக்கு மருந்து தேவைப்பட்டதில்லை. இங்கே பங்குனி வெயில் ஜன்னல் கம்பியைத் தொடவிடவில்லை. முன்சீட்டில் ஒருவர் துவரஞ்செடி மார்களைக் கட்டாக வைத்திருந்தார், களம் கூட்ட. ஹெல்மெட்டுக்கு அடியில்கூட ஆவாரை வைத்துக்கொண்டு ஒரு பையன் பைக்கில் போனதைப் பார்த்தேன்.

பஸ் வெகுதூரம் போன பிறகு கண்டக்டர் வந்தார். குச்சனூர் என்றேன். பஸ்ஸே சிரித்தது.

"குச்சனூரா? இது கோம்பை வண்டிம்மா."

"போர்டுல குச்சனூர்னு இருக்கே."

"காலையில அங்கன போயிட்டு வந்துச்சு. போர்டத் திருப்ப மறந்துட்டாக. ஏறுறப்ப ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

ஆவாரைப் பெரியவர் எனக்காகப் பரிந்து பேசினார். "போர்டு தப்பு, பிள்ள தப்பில்ல. படிச்ச பிள்ளையல்லாம் இனிமே உங்க வண்டியில ஏறாதுப்பா." அது ஆறுதலா கிண்டலா என்று எனக்குத் தெரியவில்லை. வழியில் இறங்கிப் புளியமரத்தடியில் நின்று திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். வந்த பஸ்ஸில் நாலு பேரைக் கேட்டுவிட்டு ஏறினேன். அம்மாவின் குரல் அப்படியே என் வாயில் வந்தது.

உத்தமபாளையத்தில் மறுபடி இறங்கியபோது சாயங்காலம். தள்ளுவண்டியில் ஒரு பாய் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. அம்மா இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள்; செய்துதந்ததில்லை, மலையில் பருத்திக்கொட்டை எங்கே? முதல் வாய் குடித்துவிட்டு நின்றேன். "நல்லாருக்காம்மா?" என்றார். தலையாட்டினேன். அம்மா சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அதைப் பாயிடம் எப்படிச் சொல்வது?

மாமா வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மாமா திராட்சைத் தோட்டத்தில் காவலுக்குப் போயிருந்தார். அத்தை மட்டும் இருந்தார். "வாத்தா டீச்சர்! வழி தெரிஞ்சுதா?" என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டவுடன் அவர் முகம் மாறியது.

"நொச்சியா? அது இப்ப நம்மளது இல்லையே புள்ள."

புறக்கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பக்கத்து வீட்டுப் பங்காளிக்கும் மாமாவுக்கும் எல்லைத் தகராறு. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டபோது நொச்சிப்புதர் அந்தப் பக்கம் போய்விட்டது. நடுவில் புதிதாகக் கம்பிவேலி. அதற்கு அப்பால் சாம்பல் பூத்த இலைகளோடு நொச்சி அடர்ந்து நின்றது. கையை நுழைத்தால் எட்டும்.

"ஒரு கை ஒடிச்சுக்கவா?"

"ஐயையோ! பொழுது சாஞ்சா செடி தூங்கும். தூங்குறதப் போயிப் பறிப்பியா? அதுவும் அவுக செடிய! டீச்சர்னா என்ன வேணா செய்யலாமா?"

"அவங்ககிட்ட நீங்க கேக்க முடியாதா அத்தை?"

"நானா? அந்த வீட்டுப் பேச்சியம்மா பக்கம் நான் மூஞ்சி குடுத்தே பல வருசமாச்சு. உங்க மாமன் கேட்டா அடிதடிதான்."

சாப்பாட்டுக்குச் சுடுசோறும் பிரண்டைத் துவையலும். அத்தை பிரண்டையை உரிக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டார், இல்லாவிட்டால் அரிக்கும். அக்கா வீட்டில் இந்நேரம் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வெந்துகொண்டிருக்கும். அக்கா சாப்பிட்டிருப்பாளா என்று யோசித்துக்கொண்டே உருட்டினேன். அத்தை தட்டைப்பயறு டப்பாவைத் திறந்தபோது உள்ளே காய்ந்த வேப்பிலை கிடந்தது. குளியலறை ஜன்னலில் ஷாம்பு பாக்கெட்டும் உசிலம்பொடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "ஷாம்பு விசேஷ வீட்டுக்குப் போறப்ப, பொடி நமக்குன்னு இருக்கிறப்ப" என்றார் அத்தை.

அப்போதுதான் அந்தப் புகை வந்தது.

பேச்சியம்மாள் வீட்டில் கொசுவுக்கு நொச்சியைக் கொளுத்தியிருந்தார்கள். கம்பிவேலியைத் தாண்டி, புறக்கடை வழியாக, அடுப்படிக்குள் நுழைந்தது. நான் கையில் சோற்றோடு அப்படியே இருந்தேன். கண் எரிந்தது. புகையால்தான் என்று அத்தை நினைத்திருப்பார். "பாத்தியா, புகைக்கு எல்லைக்கல்லு தெரியல. அவுக போடுற புகையில நம்ம வீட்டுக் கொசு ஓடுது. அதுலயும் அவுகளுக்கு வயித்தெரிச்சல்" என்றார்.

நான் மட்டும் அந்த வாசத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவின் வாசம் அதில் பாதிதான் இருந்தது. மீதி பாதி புகையானதால் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் வேலியருகே போனேன். பேச்சியம்மாள் அங்கே ஆட்டுக்கு அகத்தி ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். உரமான உடம்பு, பெரிய மூக்குத்தி. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேசுவது போல, "எனக்குக் கொஞ்சம் நொச்சி இலை கிடைக்குமா?" என்றேன்.

"யாரு?"

"பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கேன். மலையில இருந்து."

"ஓகோ. கொசுவா? உங்க மாமன்ட்ட சொல்லி கடையில சுருள் வாங்கிக் கொளுத்தச் சொல்லு."

அவ்வளவுதான். ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு முகம் சுட்டது. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவின் கதையைச் சொல்லிப் பரிதாபம் வாங்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டதற்கு ஆம், இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? இனி பஸ் பிடித்து வெறுங்கையோடு போய் அக்கா முன்னால் நிற்பதுதான் பாக்கி.

அடுப்படியிலிருந்து அத்தை கத்தினார். பேச்சியம்மாளிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார், ஆனால் மூன்று தெருவுக்குக் கேட்டது.

"ஏ புள்ள, என்னத்துக்குன்னு சொல்லிக் கேளு! பிள்ள பெத்தவளுக்கு வேது ஊத்தன்னு சொல்லு! பச்ச உடம்புக்காரிக்கு இலை இல்லைன்னு சொல்ற ஊரா இது, பாப்போம்!"

பேச்சியம்மாள் நிமிர்ந்தார். அகத்திக்கொத்து கையிலிருந்து நழுவியது. ஆடு அதைக் கவ்விக்கொண்டு போனது.

"யாரு பெத்துருக்கா? மூத்தவளா?"

"ஆமா."

"என்ன பிள்ள?"

"பொண்ணு."

"சொல்ல மாட்டியா முதல்லயே? கொசுக்கடிக்குக் கேக்குற மாதிரி கேக்குற." திட்டிக்கொண்டே உள்ளே போய் அரிவாள் எடுத்து வந்தார். செடியைத் தொட்டு எதையோ முணுமுணுத்தார். பிறகு சரசரவென்று வெட்டத் தொடங்கினார். "போதும்" என்றேன். "உனக்கென்ன தெரியும் போதும்னு? நீ பெத்துருக்கியா?" என்றார். வாழைநாரால் கட்டினார். கட்டு ஒரு குழந்தையின் உயரத்துக்கு இருந்தது. நான் வேலிக்கு மேலே கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இது வேலிமேல குடுக்குற சாமான் இல்ல. வாசல் வழியாத்தான் வரணும்."

கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி நடந்தார். அதற்குள் நானும் அத்தையும் முன்வாசலுக்கு ஓடினோம். பேச்சியம்மாள் படிக்குக் கீழே நின்றார். அத்தை படிக்கு மேலே நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை; இருவரும் நொச்சிக்கட்டைப் பார்த்தார்கள்.

வாசலுக்கு வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்க முடியாது. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வாங்க."

"வந்துட்டேன்."

"காப்பித்தண்ணி குடிக்கிறீகளா?"

"வேணாம். ஆடு கத்துது." கட்டை என் கையில் வைத்தார். "உங்கம்மா இருந்தாகன்னா இந்நேரம் அவுகளே வந்து எங்கிட்ட உரிமையா வெட்டிக்கிருவாக. அவுகளுக்கு எங்க வீடு உங்க வீடெல்லாம் கெடையாது." திரும்பி நடந்தவர் பாதித் தெருவில் நின்று, "உங்க கோழி எங்க பக்கந்தான் வந்து கொத்துது. கட்டி வைங்க" என்றார்.

அவர் போன பிறகு அத்தை மூக்கைச் சிந்தினார். "பாத்தியா அவுக திமிர? இலையக் குடுத்துட்டு கோழியச் சொல்லிட்டுப் போறாக." ஆனால் அன்று காலை முழுவதும் கோழியைக் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

சாக்கில் போட்டு, தண்ணீர் தெளித்து, பஸ் ஏறினேன். அன்று சனிக்கிழமை. குச்சனூர்க் கோயிலுக்கு வந்த கூட்டம் பஸ்ஸில் மூச்சு விட இடம் இல்லாமல் நின்றது. சாக்கு என் காலடியில். அதன்மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார். "என்னம்மா, கொசுவத்தி யாவாரமா?" என்று ஒரு ஆள் மூக்கைப் பொத்தினார். பேச்சியம்மாளிடம் கற்ற பாடத்தில், "பிள்ள பெத்தவளுக்கு வேது ஊத்த" என்று உரக்கச் சொன்னேன்.

பஸ்ஸின் முகமே மாறிவிட்டது. சாக்கின்மேல் இருந்தவர் துள்ளி எழுந்தார். கண்டக்டர் அதை எடுத்து டிரைவருக்குப் பக்கத்தில், நிழலில் வைத்தார். "வாதமடக்கி போட்டியாத்தா?" "புளிய இலை?" "ஆமணக்கு இலை அடியில போட்டாத்தான் இடுப்புக்கு நல்லது." எனக்கே பிள்ளை பிறந்ததுபோலக் கேள்விகள். ஒரு பெண் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அங்கே நின்ற புளியமரத்தில் எம்பிக் கொழுந்து ஒடித்து ஜன்னல் வழியாக என் மடியில் போட்டாள். அவள் பெயர் தெரியாது. பஸ் அவளுக்காக நின்றது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மலையேறும்போது ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. காலையில் ஏறிய பெண்கள், களைத்துத் தூங்கி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து போனார்கள். நான் எப்போதும் அவர்களுக்கு எதிர்த்திசையிலேயே போகிறேன் என்று தோன்றியது. குளிர் ஏற ஏறச் சாக்கிலிருந்து வந்த வாசம் மெலிந்தது. எல்லையில் போலீஸ்காரர் சாக்கைக் கம்பால் குத்திப் பார்த்தார், அவிழ்த்து முகர்ந்தார். யாருக்குப் பிரசவம் என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு, சாக்கின் வாயைத் திரும்ப அவரே கட்டித்தந்தார்.

ஏலியாம்மா சாக்கைத் திறந்தபோது இலைகள் கறுத்துத் துவண்டு கிடந்தன. "வாடிவிட்டதே மோளே" என்றார். கேலி இல்லை. ஈரத்துணி விரித்து அதன்மேல் பரப்பினார். அக்கா கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

விடிந்ததும் கொல்லையில் அண்டா ஏறியது. தான் பறித்து வைத்திருந்த இலைகளை ஏலியாம்மா ஒதுக்கி வைத்துவிட்டார். "உங்கள் அம்மா முறையிலேயே ஆகட்டும்." தார்ப்பாய் கட்டிய மறைப்புக்குள் அக்காவைப் பலகையில் உட்காரவைத்தார். பிள்ளை பெறாதவள் ஊற்றக்கூடாது என்பதால் எனக்கு அடுப்புதான். தார்ப்பாயின் இடைவெளியில் அக்காவின் முதுகு தெரிந்தது.

முதல் செம்பை மொண்டு ஏலியாம்மா அருகில் கொண்டுபோனார். அக்கா ஆவியை இழுத்து முகர்ந்தாள். நான் விறகைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"இது இல்லடி" என்றாள் அக்கா. அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "நொச்சிதான். ஆனா அம்மா வாசம் இல்ல."

ஏலியாம்மா செம்பைத் தரையில் வைத்தார். அக்காவை உலுக்க வேண்டும்போல இருந்தது. எந்த நொச்சிக்காக ஒரு தெருவையே எழுப்பினேனோ, அது இல்லையாம்! ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. பேச்சியம்மாள் வீட்டுப் புகையில் எனக்கும் பாதிதான் கிடைத்தது.

கண்ணை மூடினேன். லயத்துப் பின்பக்கம். அண்டா. அம்மா சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். கீழேயிருந்து வந்த கட்டு எப்போதும் போதாது. ஜீப்பில் வந்து வாடி, சுருங்கி, அண்டாவின் அடியில் கிடக்கும். நான் எங்கே நிற்கிறேன்? நான் நிற்கவில்லை, ஓடுகிறேன். "போயி ஏலத்தட்டை பொறுக்கிட்டு வாடி!" தோட்டத்தில் கழித்துப் போட்ட ஏலச்செடித் தட்டைகளை அள்ளிக்கொண்டு ஓடிவருகிறேன். அதன் இலை விளிம்பு முழங்கையைக் கீறுகிறது. அளவு காணாததற்கு அம்மா அதைத்தான் போட்டாள்.

"ஏலம்!" என்று கத்திவிட்டேன். "ஏலத்தட்டை வேணும்."

கொல்லைக்குப் பின்னால் ஏலியாம்மாவின் ஏலச்செடிகள். அந்த வீட்டின் சோறு அதில்தான். அடுத்த பறிப்புக்குச் சரம் விட்டு நின்ற செடிகள். கழித்த தட்டை ஒன்றுகூடக் கிடக்கவில்லை. நான் தயங்கினேன். காய்க்கிற செடியை ஒடிக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? ஏலியாம்மா என்னைப் பார்த்தார், மறைப்புக்குள் குறுகி உட்கார்ந்திருந்த முதுகைப் பார்த்தார். அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்து, முதல் வரிசையில் உயரமாக நின்ற செடியில் நாலு பச்சைத் தட்டையை வெட்டினார். மடக்கி அண்டாவில் திணித்தார். கரண்டியால் அமுக்கினார்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு ஆவியின் வாசம் மாறியது.

நான் மூச்சை உள்ளே இழுத்து அப்படியே வைத்துக்கொண்டேன். கீழேயும் இல்லாத, மேலேயும் இல்லாத வாசம். லயத்தின் பின்பக்கத்தில் மட்டும் இருந்த வாசம்.

ஏலியாம்மா செம்போடு நின்றார். அக்கா கொண்டையை அவிழ்த்தாள். தலையை அவர் பக்கம் குனிந்து கொடுத்தாள். முதல் செம்பு தண்ணீர் விழுந்தது.

தண்ணீர் ஆறிவிட்டால் அந்த வாசம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.